கர்தாயா (அல்ஜீரியா) போகலாமா? ம்ஸாப் பள்ளத்தாக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நெல்லை அனு எழுதியது:

வணக்கம். வீட்டுக்காரரின் வேலைக்காக அல்ஜியர்ஸில் இருக்கிறோம். டிசம்பர் கடைசியில் மாமியார் ஊரிலிருந்து வருகிறார். அவரையும் அழைத்துக்கொண்டு எங்காவது பழைய ஊராகப் பார்த்து ஒரு வாரம் போய்வரலாம் என்று யோசனை. கடற்கரை ரோமானிய இடிபாடுகளெல்லாம் பார்த்தாயிற்று. தூண்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஆட்கள் இன்னும் வாழ்கிற பழைய ஊர் வேண்டும்.

எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் கர்தாயாக்காரர், மொஸாபி, அதாவது ம்ஸாப் பள்ளத்தாக்கு ஆள். வெள்ளைக் குல்லா, தொள தொளவென்று சிர்வால் கால்சட்டை. பேரம் பேசினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், விலை மட்டும் ஒரு தினார் இறங்காது. "எங்க ஊருக்கு வாங்க, ஆனா கோடையில வராதீங்க" என்பார். அக்கம்பக்கத்தினரோ "அங்கே என்ன இருக்கு, எல்லாக் கதவும் மூடித்தான் இருக்கும்" என்கிறார்கள். யார் சொல்வதை நம்ப?

போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஊரின் கதை என்ன? பெர்பர் மக்களின் ஊர் என்கிறார்கள், ஆனால் மதத்திலும் தனி வழி என்கிறார்கள், இரண்டும் குழம்புகிறது. முஸ்லிம் அல்லாதவர்களை உள்ளே விடுவார்களா? பெண்கள் தலையை மூட வேண்டுமா? நாங்கள் மூவருமே சைவம். அது வேறு.

---

ஊர்சுற்றி சுந்தர் எழுதியது:

ஒரு வாரம் லீவு கிடைத்தால் மராகேஷ் போங்க மேடம். அதுவும் பெர்பர்கள் கட்டிய ஊர்தான், 11-ஆம் நூற்றாண்டு. குத்துபிய்யா மினார், ஜமா எல் ஃப்னா மைதானம், கதை சொல்கிறவர்கள், பாம்பாட்டி, சாயங்காலமானால் சாப்பாட்டுக் கடைகள். தங்க இடமும் ஏராளம். கர்தாயாவில் ஒரு நாளுக்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை என்று போனவர் ஒருவர் சொன்னார். மண் கலர் வீடு, மண் கலர் மலை, அவ்வளவுதான்.

---

பாலைவன பைப்புக்காரன் எழுதியது:

சுந்தர் அண்ணா, மராகேஷ் நல்ல ஊர்தான், சண்டை இல்லை. ஆனால் அனு இருப்பது அல்ஜியர்ஸில். இரண்டு நாட்டுக்கும் இடையே தரை எல்லை 1994-லிருந்து மூடிக் கிடக்கிறது. 2021-இல் தூதரக உறவும் முறிந்தது, நேர் விமானமும் இல்லை. ஐரோப்பாவுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மாமியாரை வைத்துக்கொண்டு அது எதற்கு?

அனு, நான் ஹாஸி ருமெல் எரிவாயு வயலில் பைப்லைன் வேலையில் இருந்தவன். அங்கிருந்து பெரியான் வழியாகத் தெற்கே இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கர்தாயா. வெள்ளிக்கிழமை லீவென்றால் கேம்ப்பிலிருந்து கிளம்பிவிடுவோம், பாதுகாப்பு வண்டி ஒன்று கூடவே வரும். முதலில் போனது சோப்பு, பேரீச்சை வாங்கவும் முடி வெட்டிக்கொள்ளவும்தான். அப்புறம் ஊர் பிடித்துப்போய், போவதற்கென்றே காரணம் தேட ஆரம்பித்தேன். நம்ம ஊர் காங்கேயம் பக்கம். கிணறும் தோட்டமும் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். அதனால் இந்தப் பதிலில் தண்ணீர்ப் பேச்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்க.

முதலில் உங்கள் குழப்பம். மொழியில், இனத்தில் அவர்கள் அமாஸிக், அதாவது வெளியுலகம் பெர்பர் என்கிற மக்கள். மதத்தில் இபாதி முஸ்லிம்கள். சன்னியும் இல்லை, ஷியாவும் இல்லை. ஓமானில் பெரும்பான்மையினர் இந்த வழியினர்தான். துனிசியாவின் ஜெர்பா தீவிலும் லிபியாவின் நஃபூஸா மலையிலும் இருக்கிறார்கள். சமுதாயத்துக்குத் தலைவனாக வர இன்ன குலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஒழுக்கமும் அறிவும் போதும் என்பது அவர்கள் கொள்கை. அரபு ஆட்சியாளர்களிடம் இரண்டாந்தர மரியாதை பட்டுக்கொண்டிருந்த பெர்பர்களுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

8-ஆம் நூற்றாண்டில் இவர்களுக்குத் தனி அரசே இருந்தது. வடக்கே, இன்றைய தியாரெத் பக்கம், தஹெர்த் தலைநகரம். நிறுவியவர் அப்துர் ரஹ்மான் இப்னு ருஸ்தும், பாரசீக வம்சாவளி. 909-இல் ஃபாத்திமிய்யர் என்ற ஷியா அரச வம்சத்தார் வந்து அதை முடித்துவிட்டார்கள். தப்பியவர்கள் தெற்கே வர்க்லாவுக்குப் பக்கத்தில் செத்ராத்தாவில் ஒதுங்கினார்கள். பிறகு 11-ஆம் நூற்றாண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இந்த ம்ஸாப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். வெறும் பாறை. மழை இல்லை, மேய்ச்சல் இல்லை. எவனும் ஆசைப்பட்டுப் படையெடுத்து வர மாட்டான், அதுதான் அந்த இடத்தின் தகுதி. அங்கே ஏற்கெனவே இருந்த ஸனாத்தா பெர்பர்களும் இவர்கள் வழிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பாறைப் பள்ளத்தாக்கில் 1012 வாக்கில் முதல் ஊர் எல் அத்தூஃப். அப்புறம் பூ நூரா, கர்தாயா, மெலிகா, கடைசியாக 14-ஆம் நூற்றாண்டில் பெனி இஸ்கென். ஐந்து ஊரும் ஒன்றுக்கொன்று கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஒவ்வொன்றும் ஒரு குன்றின் மேல். 1982-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது ஐந்தும் சேர்ந்துதான். வெளியாட்கள் மொத்தத்தையும் கர்தாயா என்று சொல்லிவிடுவார்கள்.

ஊர் அமைப்பைப் பார்த்தால் யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது என்று உடனே தெரியும். குன்றின் உச்சியில் மசூதி. உச்சி குறுகி நாலு விரல் நீட்டிக்கொண்டிருக்கிற மினார். அந்தக் காலத்தில் அதுவே காவல் கோபுரம், மசூதியே தானியக் கிடங்கு, ஆயுதக் கிடங்கு. அதைச் சுற்றி வீடுகள் வட்டம் வட்டமாகக் கீழே இறங்கும், கடைசி வட்டம் மதில். சந்தை மட்டும் அடிவாரத்தில், மசூதியிலிருந்து தள்ளி. அயலூர் வியாபாரி சந்தையோடு நிற்கட்டும், மேலே வரத் தேவையில்லை என்கிற கணக்கு.

வீடுகளுக்குத் தெருப்பக்கம் ஜன்னல் என்று ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. வாசல் கதவைத் திறந்தாலும் உள்ளே தெரியாது, நடை ஒரு திருப்பம் திரும்பித்தான் போகும். நடுவில் மேல்கூரையில் கம்பி போட்ட ஒரு திறப்பு, வெளிச்சமும் காற்றும் அதன் வழியாக. அதற்கு மேலே மொட்டை மாடி, அதுதான் பெண்களின் தெரு. பக்கத்து வீட்டு வெயிலை மறைக்கிற உயரத்துக்கு ஒருவரும் கட்டக் கூடாது. செல்வந்தன் வீடும் கூலிக்காரன் வீடும் வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்பதும் எழுதாத சட்டம். சுவர்ப் பூச்சைக் கையால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். பேரீச்சங்குலையின் காம்புக் கட்டால் அடித்து அடித்துப் பூசுகிறார்கள். மேடுபள்ளம் ஒவ்வொன்றும் தனக்குப் பக்கத்தில் குட்டி நிழல் போட்டுக்கொள்ளும், சுவர் அவ்வளவு சூடேறாது.

நம்ம சண்டிகர் திட்டத்தை வரைந்த லெ கார்புசியே 1930-களில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்திருக்கிறார். எல் அத்தூஃபில் சீதி பிராஹிம் என்று ஒரு சின்ன மசூதி இருக்கிறது. தடித்த வெள்ளைச் சுவர், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளை. அவர் பிரான்சில் ரோன்ஷாம்ப் தேவாலயம் கட்டியது இதைப் பார்த்துத்தான் என்று எந்த கைடும் சொல்லாமல் விட மாட்டார். கைடு பேச்சை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் பாடு. உள்ளே போய் நின்றால் எனக்கு நம்பத்தான் தோன்றியது.

சரி, இதெல்லாம் எல்லோரும் பார்ப்பது. மினாரைப் பார்த்து, சந்தையில் ஒரு கம்பளம் வாங்கி, "ஒரு நாள் போதும்" என்று திரும்பிவிடுகிறார்கள். சுந்தர் அண்ணாவின் நண்பரும் அப்படித்தான் போயிருப்பார். ஊரை விட்டு மேலே, ஆற்றுப் பள்ளத்தோடு பேரீச்சந்தோப்புக்குப் போங்கள். ஊரை நடத்துவது அங்கே இருக்கிறது.

ஆறு என்று பெயர்தான். வருஷக்கணக்கில் காய்ந்து கிடக்கும். எப்போதாவது மலையில் மழை கொட்டினால் சில மணி நேரம் வெள்ளம் பாய்ந்து போய்விடும். அந்தச் சில மணி நேரத் தண்ணீரைப் பிடித்துத்தான் இத்தனை நூறாண்டு பிழைத்திருக்கிறார்கள். தோப்புக்கு மேலே அணை. வெள்ளம் தடுப்புகளில் மோதி வேகம் குறைந்து, கல்வாய்க்கால்களிலும் தரைக்கடியில் வெட்டிய சுரங்க வழிகளிலும் பிரிந்து, சந்து சந்தாகத் தோப்புக்குள் போகும். அங்கே ஒவ்வொரு தோட்டத்துச் சுவரின் அடியிலும் ஒரு வாய். மண்டியிட்டுப் பார்த்தால்தான் தெரியும்: தரையோடு தரையாக ஒரு துளை, இரண்டு பக்கமும் கல், மேலே ஒரு தட்டைக்கல். அந்த வாயின் அகலம் உள்ளே இருக்கிற மரங்களின் கணக்குக்கு. இந்தத் தோட்டத்துக்கு இவ்வளவு, பக்கத்துக்கு அவ்வளவு. மிச்சம் கீழே அடுத்த அணைக்குப் போய்த் தேங்கி, மண்ணில் இறங்கிக் கிணறுகளுக்கு ஊறும்.

என்னை அழைத்துப் போனவர் ஒரு பெரியவர், கைத்தடியோடு. ஒரு வாயின் ஓரக்கல்லில் தடியால் தட்டிக் காட்டி, இதை விரல் அகலம் நகர்த்தினாலும் அது திருட்டு என்றார். வெள்ளப் பங்கீட்டைப் பார்க்கவே நம்பிக்கையான ஆட்கள் குழு ஒன்று உண்டு. "உமனா அஸ் ஸைல்" என்பார்கள். வாய்க்கால் தூர்வார வேண்டும், எந்தச் சுவர் வழியை மறிக்கிறது, யார் தோட்டத்தைப் பெரிதாக்கினார், எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தப் பெரியவரும் அதில் ஒருவர். தோப்பில் நடக்கும்போது பேச்சு பாதியில் நிற்கும், குனிந்து வாய்க்காலில் கிடக்கிற பிளாஸ்டிக் பையை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்வார், பேச்சு தொடரும்.

கிணறு பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே நம்ம ஊர்க் கவலை, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற அதே முறை! தோலால் ஆன சால், கீழே வால், இரண்டு கயிறு, சாய்வான தடம். நம்மிடம் மாடு, அவர்களிடம் கழுதை அல்லது ஒட்டகம், வித்தியாசம் அவ்வளவே. தடத்தின் நீளம் கிணற்றின் ஆழத்துக்குச் சமம், ஆகவே தடத்தை வைத்தே கிணறு எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடலாம். சில தடங்கள் நடந்தாலே மூச்சு வாங்கும். இப்போது எல்லாம் மோட்டார். பயணிகளுக்கு இழுத்துக் காட்ட மட்டும் ஒன்றிரண்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் தாத்தா காலத்துக் கவலைப் பாட்டு ஒன்று தெரிந்த மட்டும் பாடிக் காட்டினேன். பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு முழுசாகக் கேட்டுவிட்டு, அவர் பக்கத்துக் கணக்குக்கு ஒன்று பாடினார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கயிறு எந்த இடத்தில் இறங்குகிறது, எந்த இடத்தில் ஏறுகிறது என்பது காதுக்குத் தெரிந்தது.

தண்ணீருக்கு இருக்கிற இதே கணக்கு கல்யாணத்துக்கும் உண்டு. ஊர் விவகாரத்தை "அஸ்ஸாபா" என்கிற மசூதிச் சபை பார்க்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் அபு அப்துல்லா முஹம்மத் இப்னு பக்ர் என்ற அறிஞர் அமைத்த முறை. மணப்பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர் இதற்கு மேல் போகக் கூடாது, விருந்து இப்படித்தான் என்று அது வரம்பு கட்டும். என்னோடு வேலை பார்த்த மொஸாபிப் பையனுக்குக் கல்யாணம் என்று கூப்பிட்டான். போனால் ஒரு வரிசை முழுக்க மாப்பிள்ளைகள்! எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை உடுப்பு. நம்ம ஆள் யார் என்று கண்டுபிடிக்கவே நேரம் ஆனது. செலவை எல்லாக் குடும்பமும் பகிர்ந்துகொள்ளும். கூஸ்கூஸ் அண்டா அண்டாவாகச் சமைத்தது, பரிமாறியது எல்லாம் உறவுக்கார இளைஞர்கள், சம்பளத்துக்கு ஓர் ஆள் இல்லை. வட்டி கட்டிக் கல்யாணம் செய்கிற நாட்டிலிருந்து போன எனக்கு அது கொஞ்சம் உறைத்தது.

பெனி இஸ்கென் மட்டும் தனி. கைடு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். வாசலிலேயே அறிவிப்பு இருக்கும்: புகை பிடிக்காதே, ஆட்களைப் படம் எடுக்காதே, உடை ஒழுங்காக இருக்கட்டும். தலை மூடச் சொல்லி யாரும் வற்புறுத்தியதை நான் பார்க்கவில்லை, ஆனால் ஒரு துப்பட்டா தோளில் இருந்தால் நல்லது. முஸ்லிம் அல்லாதவர் என்பதற்காக ஊருக்குள் தடை இல்லை. மசூதிக்குள் மட்டும் முடியாது. பிற்பகலில் போங்கள். மாலைத் தொழுகைக்கு முன் சந்தைத் திடலில் ஏலம் நடக்கும். பெரியவர்கள் சுவரோரம் வரிசையாகக் கல்திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். விற்கிறவர் கம்பளமோ பழைய தையல் மிஷினோ கையில் தூக்கிக்கொண்டு வட்டமாகச் சுற்றி வந்து கடைசியாகக் கேட்ட விலையை மட்டும் சொல்லிக்கொண்டே போவார். கூச்சல் கிடையாது. வேண்டுமென்றால் ஒருவர் விரலை அசைப்பார். உங்கள் கடைக்காரர் பேரம் பேசாமல் சிரிப்பது எங்கிருந்து வந்தது என்று அங்கே பார்த்தால் தெரியும்.

---

மீனா தறி எழுதியது:

பைப்புக்காரர் அண்ணன் தோப்பைக் காட்டினார், நான் வீட்டுக்குள்ளிருந்து கொஞ்சம் சொல்கிறேன். ஆண்கள் பார்க்க முடியாத பக்கம் அது.

நான் நெசவுத் தொழிலில் இருப்பவள், கம்பளம் பார்க்கவே போனேன். கீழ்த்தளத்தில் "திஸெஃப்ரி" என்று ஓர் அறை, பெண்களுக்கானது. செங்குத்துத் தறி அங்கேதான் நிற்கும், பெண் விருந்தாளிகளும் அங்கேதான் உட்காருவார்கள். அறைக்குக் கதவு கிடையாது, நடு முற்றத்துப் பக்கம் திறந்தே இருக்கும். நெய்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்து வாசலில் வருகிறவர் தெரியும், வருகிறவருக்கு இவர் தெரியாது. நான் உட்கார்ந்திருந்த வீட்டில் பாட்டி ஊடையை இரும்புச் சீப்பால் அடித்து இறுக்கும்போது பேச்சை நிறுத்தவே இல்லை. பேத்தி மட்டும் கணக்குத் தப்பி மூன்று வரிசை பிரித்தாள். பாட்டி அதைப் பார்க்காதது மாதிரி இருந்தார்!

வெளியே கல்யாணமான பெண்கள் முழு உடம்பையும் வெள்ளைப் போர்வையால் மூடி ஒரு கண் மட்டும் தெரிய நடப்பார்கள். முதலில் பார்க்கும்போது எனக்கும் திக்கென்றது. இந்த ஊர்ப் பெண்கள் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஒரு காலத்தில் கட்டுப்பாடே இருந்தது. ஆண்கள் வடக்கே போய்க் கடை வைப்பார்கள், குடும்பம் இங்கே இருக்கும், அப்போதுதான் அவன் திரும்பி வருவான் என்று கணக்கு. அதை அழகாக எழுதி மறைக்க நான் தயாரில்லை. ஆனால் பெண்களுக்கென்று ஒரு சபையும் உண்டு, "திம்சிரிதீன்" என்பார்கள். இறந்த பெண்களைக் குளிப்பாட்டுவது அவர்கள் பொறுப்பு, அதோடு பெண்கள் விவகாரத்தில் அவர்கள் வாக்குக்குப் பெரிய எடை. இவர்கள் வந்து குளிப்பாட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டால் எப்பேர்ப்பட்ட வீடும் வழிக்கு வந்துவிடுமாம்.

அனு, உங்கள் மாமியாரோடு போவது நல்லதாயிற்று. வயதான பெண்மணி கூட வந்தால் வீட்டுக்குள் கூப்பிடுவார்கள். கம்பளம் வாங்கினால் பின்பக்கம் திருப்பி முடிச்சைப் பாருங்கள், முன்பக்கம் எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

---

நெல்லை அனு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், "முதலில் தோப்பு" என்று அவரே சொல்லிவிட்டார். இன்னும் சில சந்தேகம். அங்கே கலவரம் நடந்தது என்று ஒருவர் பயமுறுத்துகிறார், வெள்ளம் என்று இன்னொருவர். மாமியாருக்கு மூட்டு வலி, படி எவ்வளவு? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சின்னப் பிள்ளைகள் அந்த மொழியை இன்னும் பேசுகிறார்களா, இல்லை கிழவர்களோடு போகிறதா?

---

பாலைவன பைப்புக்காரன் எழுதியது:

இரண்டும் உண்மை. 2008 அக்டோபர் 1-ஆம் தேதி, ரம்ஜான் பெருநாள் சமயம், வெள்ளம் வந்து 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பழைய ஊர்கள் குன்றின் மேல் இருக்கின்றன. அடி வாங்கியதில் பெரும்பகுதி ஆற்றுப் படுகையில் புதிதாக முளைத்த கட்டடங்கள். தோப்புப் பெரியவர்கள் இன்னும் அதைச் சொல்லித் திட்டுவார்கள்.

கலவரம் 2013-லிருந்து 2015 வரை. பள்ளத்தாக்கில் மொஸாபியர் மட்டும் இல்லை, ஷாம்பா அரபுகளும் பல தலைமுறையாக இருக்கிறார்கள், அவர்கள் மாலிகி வழி, சன்னியில் ஒரு பிரிவு. நிலம், வேலை, பழைய கசப்பு எல்லாம் சேர்ந்து பற்றிக்கொண்டது. கடைகள் எரிந்தன, கல்லறைகளை உடைத்தார்கள், 2015 ஜூலையில் மட்டும் 20-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நான் போன காலத்தில் ஊர் அமைதி. ஆனால் இரண்டு தரப்பும் டீக்கடையில் கலந்து உட்காருவதை அதிகம் பார்க்கவில்லை. நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் என்றால் போலீஸ் கூட வரலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அங்கே அது வழக்கம்.

படி நிறைய. கர்தாயாவிலும் பெனி இஸ்கெனிலும் மேல் மசூதி வரை ஏற்றம்தான், கல் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். அம்மாவை எல் அத்தூஃபுக்கும் தோப்புக்கும் அழைத்துப் போங்கள். பெனி இஸ்கென் சந்தைத் திடல் வரை மெதுவாக நடந்துவிடலாம், அங்கே திண்ணையில் உட்கார வைத்தால் ஏலம் முழுக்க அவருக்குச் சினிமா. மேலே காவல் கோபுரத்துக்கு நீங்கள் இருவரும் மாறி மாறி ஏறுங்கள். அங்கிருந்து பார்த்தால் எதிர்க்குன்றில் தஃபிலெல்த் தெரியும். 1997-இல் தொடங்கிய புதுக் குடியிருப்பு, ஏறக்குறைய ஆயிரம் வீடு. பழைய ஊரின் அளவையும் ஒழுங்கையும் வைத்துக்கொண்டு, நடுத்தர வருமானக்காரர்களுக்காக, அவர்களே உழைப்புப் போட்டுக் கட்டியது. எனக்குப் பழைய ஊரைவிட அதைப் பார்த்தபோதுதான் பொறாமை வந்தது. பழசைப் பாதுகாக்கிறோம் என்று போர்டு மாட்டுவது எளிது, அதே முறையில் புதிதாக ஒரு தெரு போடுவது வேறு விஷயம்.

கர்தாயாவில் இடுகாட்டு ஓரமாகப் போனால் நின்று பாருங்கள், வெளியிலிருந்து. சமாதிகளில் பெயர் வெட்டிய பளிங்கு இல்லை. மேலே உடைந்த பானை, கிண்ணம், ஜாடி. தங்கள் ஆளின் இடத்தை வீட்டார் அதை வைத்து அடையாளம் காண்கிறார்கள். ஏழை பணக்காரன் பார்க்காத வழக்கம் மண்ணுக்குள்ளும் தொடர்கிறது.

மொழி பிழைத்திருக்கிறது. தும்ஸாப்த் என்பார்கள், தெருவில் கோலி விளையாடுகிற பையன்கள் அதில்தான் சண்டை போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அரபு, கடையில் பிரெஞ்சும் சேர்த்து மூன்று மொழியும் கலந்து. தமாஸிக்த், அதாவது அமாஸிக் மக்களின் மொழி, 2002-இல் தேசிய மொழி ஆயிற்று, 2016-இல் ஆட்சி மொழியும் ஆயிற்று, பலகைகளில் அந்த எழுத்தைப் பார்ப்பீர்கள். ஆனால் அல்ஜீரியா தேசிய கீதத்தை எழுதிய முஃப்தி ஸக்கரியா பெனி இஸ்கென்காரர், எழுதியது அரபியில், 1955-இல், பிரெஞ்சுக்காரன் சிறையில். நீங்கள் இறங்கப் போகிற விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். இங்கே யாரும் அரபு வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்களுடையதும் இருக்கட்டும் என்கிறார்கள். முடிந்தால் பயணத்தை ஜனவரி 12 வரை நீட்டிக்கொள்ளுங்கள். அமாஸிக் புத்தாண்டு, யென்னாயெர். 2018-லிருந்து அரசு விடுமுறை. வடக்கே பெர்பர்கள் வாழ்கிற கபிலியா மலைப்பக்கம் மாதிரி ஆட்டம் பாட்டம் இருக்காது, வீட்டுச் சமையல்தான்.

சாப்பாடு: கூஸ்கூஸை இறைச்சி இல்லாமல் கேட்டால் காய் மட்டும் மேலே வைத்துத் தருவார்கள், ஆனால் குழம்பு இறைச்சியில்தான் கொதித்திருக்கும். அம்மா கறார் சைவம் என்றால் அது ஆகாது. ரொட்டி, ஆலிவ், பருப்பு சூப் (இதையும் கேட்டுக்கொண்டு), முட்டை சேர்ப்பதென்றால் முட்டை. தோப்புக்குள் இருக்கிற விருந்தினர் வீடு ஒன்றில் தங்கினால் முன்கூட்டியே சொல்லித் தனியாகச் சமைக்கச் சொல்லலாம். முன்னெல்லாம் கோடைக்கு ஊரே தோப்பு வீட்டுக்கு இடம் பெயரும், அந்த வீடுகளில் சிலவற்றைத்தான் இப்போது தங்க விடுகிறார்கள். ஒரு சின்ன குக்கர், அரிசி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. டிசம்பர் ராத்திரி குளிர் நடுக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர், கம்பளி சாக்ஸ் கட்டாயம்.

அல்ஜியர்ஸிலிருந்து 600 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ராத்திரி முழுக்க, மூட்டு வலிக்காரருக்கு வேண்டாம், விமானம் பாருங்கள். திரும்பும்போது பேரீச்சை வாங்குவீர்கள். தெக்லத் நூர் என்று கேளுங்கள், இலையுதிர்காலத்தில் வெட்டியது அப்போதும் புதிதாகவே இருக்கும். பெட்டியில் அடுக்கியது வேண்டாம், காம்போடு குலையாக வாங்குங்கள். வெயிலுக்கு நேராகப் பிடித்தால் உள்ளே கொட்டை தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடுத்த கடை.